அக்னி நட்சத்திரம் நம் அருகில் வருவதில்லை

ஏப்ரல் 24-ஐ ஒட்டி, நண்பகலில் சென்னைக்கு நேர் உச்சியில் சூரியன் வந்து நிற்கும். அந்த நிழலில்லா நாளைக் காட்டுவதற்காக இவ்வாண்டும் நகரத்துப் பள்ளி ஒன்றுக்குச் சென்றிருந்தேன். கோடை ஏன் வருகிறது என்று ஏழாம் வகுப்பில் கேட்டதும், "பூமி சூரியனுக்குக் கிட்டப் போகுது சார்" என்று வகுப்பே ஒரே குரலில் சொன்னது. பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, அக்னி நட்சத்திரமும் கூடவே பக்கத்தில் வந்துவிடும் என்றாள். பிள்ளைகள் இப்படிச் சொல்வது எனக்குப் பழகிப்போன ஒன்று. அருகில் நின்ற ஆசிரியரும் ஆமோதித்துத் தலையசைத்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

பூமி சூரியனுக்கு மிக அருகில், ஏறத்தாழ 14.71 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருப்பது ஜனவரி முதல் வாரத்தில், அதாவது நாம் மார்கழிப் பனிக்குக் காதை மூடிக்கொண்டு நடக்கும் நாட்களில். மிகத் தள்ளி, 15.21 கோடி கிலோமீட்டரில் இருப்பதோ ஜூலை முதல் வாரத்தில். தூரம்தான் காரணம் என்றால் பொங்கலுக்கு முன்பே நாம் வெந்துபோயிருக்க வேண்டும்; உலகம் முழுவதற்கும் ஒரே நேரத்தில் கோடை வந்திருக்கவும் வேண்டும். டிசம்பர் 26 அன்று மெல்போர்னில் தொடங்கும் கிரிக்கெட் போட்டியைத் தொலைக்காட்சியில் பார்க்கும் பிள்ளைகளிடம், அங்கே ரசிகர்கள் ஏன் தொப்பியும் அரைக்கால் சட்டையுமாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

இந்தத் தவறான எண்ணத்துக்குப் பெரும்பாலும் நாம் கரும்பலகையில் வரையும் படமே காரணம் என்பது என் கணிப்பு. சாய்வாகப் பார்ப்பதுபோல் வரைந்த படத்தில் பூமியின் பாதை முட்டை வடிவாகத் தெரிகிறது. அதையே மெய்யென்று எடுத்துக்கொண்டு, இந்த முனை கோடை, அந்த முனை குளிர் என்று பிள்ளைகள் எழுதுகிறார்கள். ஒரு மீட்டர் குறுக்களவில் பூமியின் பாதையை அளவு பிசகாமல் வரைந்தால், அதன் நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள வேறுபாடு சாக்பீஸ் கோட்டின் தடிமனுக்குள்ளேயே மறைந்துவிடும். சூரியன் மட்டும் நடுப்புள்ளியிலிருந்து எட்டு மில்லிமீட்டர் அளவுக்கு விலகி நிற்கும். ஆசிரியப் பெருமக்களே, தயவுசெய்து வட்டமாகவே வரைந்துவிடுங்கள்.

பருவங்களுக்குக் காரணம் பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருப்பது. அது எல்லாப் பாடநூல்களிலும் இருக்கிறது. சென்னை நிலநடுக்கோட்டுக்கு 13 பாகை வடக்கே இருப்பதால் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 ஆகிய நாட்களை ஒட்டி, ஆண்டுக்கு இருமுறை சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருகிறது. டிசம்பர் 22-இல் நண்பகல் சூரியன் உச்சியிலிருந்து 36 பாகைக்கும் மேல் தெற்கே சரிந்து நிற்கும். நேராக விழும் வெயில்போல் சரிந்து விழும் வெயில் சுடாது. சரி, ஆகஸ்டில் ஏன் மே மாதம்போல் கொதிப்பதில்லை என்று கேட்கும் பிள்ளைக்கு என் தனிப்பாராட்டு உண்டு. மே மாதத்தில் நிலம் வாரக்கணக்கில் சூடேறியிருக்கும், மேலைத் தரைக்காற்று கடற்காற்றைத் தாமதப்படுத்தும். ஆகஸ்டில் மேகமும் மாலை மழையும் வந்துவிடும்.

அக்னி நட்சத்திரம் என்ற பெயரில் தனி விண்மீன் எதுவும் இல்லை. கார்த்திகையின் அதிதேவதை அக்னி. மே 4 முதல் 28 வரை சூரியன் பரணி, கார்த்திகை, ரோகிணி ஆகியவற்றின் திசையில் தெரிவதைத்தான் பஞ்சாங்கம் அப்படி அழைக்கிறது. திசைதான் ஒன்று, தொலைவு அல்ல: சூரிய ஒளி நம்மை வந்தடைய எட்டு நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாகும், கார்த்திகைக் கூட்டத்தின் ஒளிக்கோ நானூறு ஆண்டுகளுக்கும் மேலாகும். மே மாதத்தில் சூரிய வெளிச்சத்தில் மறைந்துவிடும் அதே அறுமீனைத்தான், கார்த்திகை தீபத்தன்று விளக்கேற்றிவிட்டு மொட்டை மாடிக்குப் போனால் முழுநிலவுக்கு அருகில் காண்கிறோம். அந்த மீன்கள் சுடுவதாக இருந்தால் அன்றிரவல்லவா சுட வேண்டும்?

இறுதியாக, கண்டிப்புடன் ஒன்று. நிழலில்லா நாளன்று பிள்ளைகளைத் தரையைப் பார்க்கச் சொல்லுங்கள், அண்ணாந்து சூரியனைப் பார்க்க விடாதீர்கள். கூலிங் கிளாஸ், எக்ஸ்ரே படலம், கரி பிடித்த கண்ணாடி எதுவும் காப்பாகாது. விழித்திரைக்கு வலி தெரியாது. வெந்துகொண்டிருப்பதைப் பிள்ளையால் உணரவே முடியாது. சமதளத்தில் ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வைத்தால் போதும். ஆகஸ்ட் 18 அன்று பகல் பன்னிரண்டு மணிக்கே மணியடித்துப் பிள்ளைகளை உள்ளே அழைத்துவிடாதீர்கள். சென்னையில் நிழல் காலடியில் ஒடுங்குவதற்கு 12.13 ஆகும்.