வெள்ளைப் பாம்பும் கூமுட்டையும்

போன சித்திரையில் மண்டபம் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி பிளாஸ்டிக் டப்பாவைத் தூக்கிக்கொண்டு என் கிளினிக்குக்கு வந்தார். உள்ளே ஈரத் தேங்காய் நார்த்தூளில் ஆறு முட்டைகள். அவர் வளர்க்கும் அல்பினோ, அதாவது வெள்ளை நிற, பால் பைத்தான் (ball python) இட்டவை. மிரண்டால் பந்துபோலச் சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு இது; விஷம் கிடையாது. "டாக்டரம்மா, இதுல எத்தனை தேறும்?" என்றார்.

விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சை முட்டைமேல் ஒட்டிப் பிடித்தேன். உயிருள்ள முட்டை உள்ளே இளஞ்சிவப்பாக ஒளிரும். ரத்த நாளங்கள் சல்லிவேர் மாதிரிப் பரவியிருக்கும். மூன்றில் அப்படித் தெரிந்தது. மற்ற மூன்றும் சிறுத்து, மெழுகு உருண்டைபோல வெறும் மஞ்சளாக இருந்தன. கூமுட்டை.

ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து மறுபடி வந்தார். இரண்டு பொரிந்திருந்தன, ஒன்று முட்டைக்குள்ளேயே செத்திருந்தது. பொரிந்ததில் ஒரு குட்டியின் முதுகை விரலால் வருடினேன். மூன்று இடத்தில் எலும்பு கோணி, கயிற்றில் முடிச்சு விழுந்த மாதிரி தட்டியது.

"நம்ம ஊரு வெக்கைதான் காரணமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இந்த முட்டைகளுக்கு 31, 32 டிகிரி செல்சியஸ் சூடு போதும். அதற்கு மேல் நாள்கணக்கில் ஏறினால் நல்ல ஜோடியின் குட்டிக்கும் முதுகு கோணும். அதிகச் சூடு ஆண் பாம்பின் விந்தையும் கெடுக்கலாம். ஆனால் இவர் சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட் வைத்து, தினமும் நோட்டில் எழுதி வைத்திருந்தார். கணக்கு சரியாகவே இருந்தது. அப்புறம்தான் ஜோடியை எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன். அண்ணன் தங்கை, ஒரே அடையில் பொரிந்தவை. அவற்றின் தாயும் தகப்பனுமே மகளும் அப்பனும்தான்.

வெள்ளை நிறம்தான் வியாதி என்று பலர் நினைக்கிறார்கள். மெலனின் நிறமி உருவாகாததால் வரும் நிறம் அது. கண்ணிலும் நிறமி குறைவதால் வெளிச்சம் கூசும், மங்கலான இடத்தில் வைக்க வேண்டும். மற்றபடி சாதாரண அல்பினோ பால் பைத்தான் நன்றாகவே வாழும், நல்ல முட்டையும் இடும். சிக்கல் அந்த நிறத்தைப் பெருக்கும் வழியில் இருக்கிறது. இது ஒடுங்கு பண்பு; தாய், தகப்பன் இரண்டு பக்கமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். நிறத்தை உள்ளே மறைத்து வைத்திருக்கும் இரண்டு சாதாரணப் பாம்புகளைச் சேர்த்தால், சராசரியாக நாலில் ஒன்றுதான் வெள்ளை. அதனால் சீக்கிரம் வெள்ளை வேண்டும் என்பவர்கள் மகளை அப்பனோடும், அண்ணனைத் தங்கையோடும் சேர்க்கிறார்கள். அப்போது நிறத்தோடு, உள்ளே ஒளிந்திருந்த வேறு குறைகளும் ஜோடி சேர்ந்துவிடுகின்றன.

நம் ஊரில் சொந்தத்தில் கட்டுவதுண்டே என்று கேட்பார்கள். அத்தை மகன், மாமன் மகள் பிள்ளைக்கு ஒரே மூதாதையின் மரபணு இரட்டையாக அமையும் வாய்ப்பு 6.25 சதவீதம். தாய்மாமன், அக்கா மகள் என்றால் 12.5. அண்ணன் தங்கையைச் சேர்த்தால் 25. தலைமுறை தலைமுறையாக அதையே செய்தால் இன்னும் ஏறிக்கொண்டே போகும்.

சில வகைகளில் நிறத்தின் மரபணுவோடேயே குறை ஒட்டிவருகிறது. கேரமல் அல்பினோவில் முதுகுக் கோணல் வரும், பெட்டைகள் சரியாக முட்டையிடாது. ஸ்பைடர் என்ற வகைக்குத் தலை நிலையில்லாமல் ஆடும். இவற்றை நான் யாருக்கும் வாங்கச் சொல்வதில்லை.

தம்பியோடு அவர் அம்மாவும் வந்திருந்தார். பட்டியில் ஆடு வைத்திருப்பவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கெடாயை மாத்தாம வச்சா குட்டி இப்படித்தான் தேறாதுன்னு எனக்கே தெரியுமே" என்றார். ஒரு கிடாயின் பெட்டைக்குட்டிகள் பருவத்துக்கு வருமுன் அந்தக் கிடாயை விற்றுவிட்டு வேறு பட்டியில் வாங்குவது அவர் வழக்கம்.

ஸ்வீடனின் தென்கோடிக் கடற்கரையில் ஸ்மிகேஹுக் என்ற இடத்தில் இதேதான் காட்டு விரியன்களுக்கு நடந்தது. சுற்றிலும் வயல்கள் வந்து, ஒரு சிறு கூட்டம் தனித்துப்போனது. குட்டிகள் செத்தும் ஊனமாகவும் பிறந்தன. 1992இல் வெளியூர் ஆண் விரியன்கள் இருபதைக் கொண்டுவந்து விட்டார்கள். சில ஆண்டுகளில் பிழைக்கும் குட்டிகள் கூடி, கூட்டம் மீண்டது. அந்த அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "அவுகளும் கெடா மாத்தியிருக்காக" என்றார்.

பெண் பாம்பை மூன்று வயதும் ஒன்றரைக் கிலோ எடையும் வராமல் சேர்க்கக் கூடாது. இளைத்த பெட்டையும் கூமுட்டை இடலாம், முட்டை அடைத்துக்கொண்டு சாகவும் கூடும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்க்க முடியாது. வெள்ளையாக இருந்தாலும் அப்படித்தான். காட்டில், வயலில் வெள்ளைப் பாம்பைக் கண்டால் அடிக்காமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். பால் பைத்தான் போன்ற வெளிநாட்டு இனங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்தின்படி பதிவு செய்ய வேண்டும், குட்டி பிறந்தாலும் இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். ஜோடிக்குப் பதிவு இருந்தது. குட்டி பிறந்தால் தெரிவிக்க வேண்டும் என்பது அந்தத் தம்பிக்குத் தெரியாது.

அன்றே ஆணையும் பெண்ணையும் தனித்தனிப் பெட்டியில் மாற்றிவிட்டார். குட்டிகள் பிறந்ததையும் தெரிவித்துவிட்டார். கோணல் முதுகுக் குட்டிக்கு மிகச் சின்ன எலிக்குஞ்சு மட்டும் கொடுக்கிறார். விழுங்கிய இரை மூன்று கோணலையும் தாண்டிப் போகிறதா என்று விரலால் தடவிப் பார்க்கக் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.