இஸ்மிரில் ஒரு கைது, எடின்பரோவில் ஒரு சட்டம்

2010 அக்டோபர் வரை ஸ்காட்லாந்து போலீசுக்கு ஒரு வசதி இருந்தது. சந்தேகப்பட்ட ஆளை ஸ்டேஷனில் ஆறு மணி நேரம் வரை வைத்து விசாரிக்கலாம். அந்த நேரத்தில் அவர் வக்கீலைக் கலந்து பேச விடவேண்டிய கட்டாயம் கிடையாது. அக்டோபர் 26 அன்று லண்டனில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் இது செல்லாது என்று சொல்லிவிட்டது. மறுநாளே எடின்பரோவில் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் அவசரச் சட்டம் கொண்டுவந்து, அன்றைக்கே நிறைவேற்றியும் முடித்தது. நிலுவையில் இருந்த நூற்றுக்கணக்கான வழக்குகளை அரசுத் தரப்பு கைவிட நேர்ந்தது.

இதற்கு வித்திட்டவர் ஸ்காட்லாந்துக்காரர் இல்லை. துருக்கியின் இஸ்மிர் நகரில் 2001ல் கைதான 17 வயதுப் பையன். தடைசெய்யப்பட்ட ஊர்வலம் ஒன்றில் கலந்துகொண்டதாகவும் பாலத்தில் பேனர் கட்டியதாகவும் குற்றச்சாட்டு. வக்கீல் இல்லாமலே விசாரித்து வாக்குமூலம் வாங்கினார்கள், அதை வைத்துத் தண்டனையும் கொடுத்தார்கள். வழக்கு பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் இருக்கும் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்துக்குப் போனது. போலீசின் முதல் விசாரணையிலிருந்தே வக்கீல் உதவி கிடைக்கவேண்டும், தவிர்க்கவே முடியாத காரணம் இருந்தால்தான் அதைத் தள்ளிவைக்கலாம் என்று 2008 நவம்பரில் அதன் பேரமர்வு, அதாவது அதிக நீதிபதிகள் சேர்ந்து அமரும் உச்ச அமர்வு, தீர்ப்பளித்தது. அந்தப் பையனின் பெயரால் சட்ட உலகில் இதற்கு சால்டுஸ் தீர்ப்பு என்று பெயர். வேடிக்கை என்னவென்றால், துருக்கி தன் சட்டத்தை 2003லேயே திருத்தியிருந்தது. தீர்ப்பின் பெரிய வீச்செல்லாம் வழக்கில் சம்பந்தமே இல்லாத நாடுகளில்தான்.

ஏட்டளவில் பார்த்தால் இது நடந்திருக்கக்கூடாது. ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 46வது பிரிவு, ஒரு தீர்ப்பு அந்த வழக்கில் எதிர்த்தரப்பாக நின்ற நாட்டை மட்டுமே கட்டுப்படுத்தும் என்கிறது. ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றத்துக்குப் போலீசும் இல்லை, சிறையும் இல்லை. ஒரு நாட்டுச் சட்டத்தை ரத்து செய்யும் அதிகாரமும் இல்லை. உடன்படிக்கை மீறப்பட்டது என்று அறிவிக்கலாம், இழப்பீடு கொடுக்கச் சொல்லலாம், பெரும்பாலும் அவ்வளவுதான்.

ஆனால் எடின்பரோ நீதிபதியின் இடத்திலிருந்து யோசித்தால் விஷயம் வேறு. இஸ்மிர் வழக்கில் விளக்கம் சொல்லப்பட்ட அதே உடன்படிக்கையில் அவருடைய நாடும் கையெழுத்திட்டிருக்கிறது. அவர் இன்று தள்ளுபடி செய்யும் மனு நாளை ஸ்ட்ராஸ்பர்க் போகும், அங்கே முடிவு என்ன என்பது ஏறக்குறைய இப்போதே தெரியும். அதோடு, உள்நாட்டில் இருக்கும் எல்லா வழிகளையும் பார்த்து முடித்த பிறகுதான் ஒருவர் ஸ்ட்ராஸ்பர்க் போகமுடியும் என்பது விதி. ஆகவே கேள்வி முதலில் உள்நாட்டு நீதிபதியின் மேசைக்குத்தான் வந்தாகவேண்டும். சர்வதேச நீதிமன்றத்தின் செல்வாக்கு வேலை செய்யும் இடம் அந்த மேசைதான் என்று நான் நினைக்கிறேன்.

அதற்காக எல்லோரும் உடனே தலையாட்டிவிடவில்லை. 2009ல் எடின்பரோவில் ஏழு நீதிபதிகள் அமர்ந்து இதே வாதத்தைக் கேட்டு நிராகரித்தார்கள். ஒரே ஒரு சான்றை வைத்து யாரையும் தண்டிக்கமுடியாது, இன்னொரு சான்றும் வேண்டும் என்ற விதி எங்களிடம் இருக்கிறது, அந்தப் பாதுகாப்பு போதும் என்றார்கள். லண்டன் அதை ஏற்கவில்லை. அப்புறம் வந்த அவசரச் சட்டத்தையும் கவனிக்கவேண்டும். வக்கீல் உரிமையைக் கொடுத்த அதே சட்டம், பிடித்துவைக்கும் நேரத்தை ஆறு மணியிலிருந்து பன்னிரண்டாக உயர்த்தியது. தேவைப்பட்டால் இருபத்துநாலு வரை போகலாம். வெளியிலிருந்து வரும் தீர்ப்பை உள்ளே வாங்கிக்கொள்ளும் அரசு, தனக்கு வேண்டியதையும் சேர்த்தே தைத்துக்கொள்கிறது.

பிரான்சில் இன்னும் தெளிவாக நடந்தது. அங்கே 2011 ஏப்ரலில் புதிய சட்டம் வந்தாலும், ஜூன் முதல் தேதியிலிருந்துதான் அமல் என்று இருந்தது. சட்டம் நிறைவேறிய மறுநாள், ஏப்ரல் 15 அன்று, நாட்டின் உயர்நிலை மேல்முறையீட்டு நீதிமன்றம் குறுக்கிட்டது. உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள், தங்கள்மீது வழக்கு வரட்டும் என்றோ தங்கள் சட்டம் மாறட்டும் என்றோ காத்திராமல் ஸ்ட்ராஸ்பர்க் தீர்ப்புகளை மதிக்கவேண்டும் என்று சொல்லி, உரிமை உடனே பொருந்தும் என்றது. பெல்ஜியமும் அதே ஆண்டு சட்டம் இயற்றியது. அங்கே வக்கீல்கள் அதைச் சொல்வதே சால்டுஸ் சட்டம் என்றுதான்.

சரி, உள்நாட்டு நீதிபதி வெளித்தீர்ப்பை எவ்வளவு தூரம் கையில் எடுக்கலாம்? அது அந்தந்த நாட்டு அரசியல் சாசனத்தைப் பொறுத்தது. நெதர்லாந்து விசித்திரமான உதாரணம். நாடாளுமன்றச் சட்டம் அரசியல் சாசனத்துக்கு முரணா என்று பார்க்க அங்கே நீதிபதிகளுக்கு அனுமதி இல்லை. ஆனால் சர்வதேச உடன்படிக்கைக்கு முரணா என்று பார்க்கலாம், முரண் என்றால் அந்தச் சட்டத்தை ஒதுக்கியும் வைக்கலாம். பிரிட்டனின் 1998ஆம் ஆண்டு மனித உரிமைச் சட்டம் ஸ்ட்ராஸ்பர்க் தீர்ப்புகளைக் கருத்தில் கொள்ளச் சொல்கிறது. ஆனால் நாடாளுமன்றச் சட்டம் ஒன்று முரண்பட்டால் அதை நீதிபதி அறிவிக்க மட்டுமே முடியும், நீக்க முடியாது.

அர்ஜென்டினா 1994ல் முக்கியமான மனித உரிமை உடன்படிக்கைகளுக்கு அரசியல் சாசனத்துக்கு இணையான இடத்தையே கொடுத்தது. அதன் பலன் பெரிது. கோஸ்டாரிக்காவின் சான் ஹோசேயில் இயங்கும் அமெரிக்க நாடுகளின் மனித உரிமைகள் நீதிமன்றம், 2001ல் பெரு நாட்டு வழக்கு ஒன்றில், படுகொலை செய்தவர்களைக் காப்பாற்றும் பொதுமன்னிப்புச் சட்டங்கள் செல்லாது என்றது. நான்கு ஆண்டு கழித்து அர்ஜென்டினா உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை முன்வைத்து, ராணுவ ஆட்சிக்காலக் குற்றவாளிகளைக் காத்துவந்த தன் நாட்டுச் சட்டங்களைத் தூக்கியெறிந்தது. ஏறக்குறைய இருபது ஆண்டாக மூடிக்கிடந்த வழக்குகள் திறந்தன. சான் ஹோசே இதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு நாட்டு நீதிபதியும், யாரும் கேட்காவிட்டாலும், உள்நாட்டுச் சட்டத்தை அமெரிக்க நாடுகளின் மனித உரிமை உடன்படிக்கையோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும் என்று 2006ல் சிலி, பெரு நாட்டு வழக்குகளில் சொன்னது. ஸ்ட்ராஸ்பர்க் இவ்வளவு துணிந்து கேட்டதில்லை.

தீர்ப்புக்குப் பிறகு யார் கண்காணிப்பது? ஐரோப்பாவில் அந்த வேலை, ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றம் சார்ந்திருக்கும் ஐரோப்பிய கவுன்சில் என்ற அமைப்பின் உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் குழுவுடையது. என்ன செய்யப்போகிறோம் என்று நாடு திட்டம் கொடுக்கவேண்டும், குழு திருப்தி அடையும்வரை கோப்பு மூடாது. இத்தாலிச் சிறை வழக்கு நல்ல மாதிரி. ஒரு கைதிக்கு மூன்று சதுர மீட்டர்கூட இல்லை என்று 2013ல் ஸ்ட்ராஸ்பர்க் கண்டது. ஒரே கோளாறு ஆயிரக்கணக்கில் மனுக்களாக வரும் என்பதால், தனித்தனியாகத் தீர்க்காமல் கோளாறையே சரிசெய்ய ஓராண்டு கெடு வைத்தது. இத்தாலி கைதிகளைக் குறைக்கச் சட்டங்கள் கொண்டுவந்தது. நெரிசலில் கழித்த ஒவ்வொரு பத்து நாளுக்கும் தண்டனையில் ஒரு நாள் கழிவு, வெளியே வந்துவிட்டவர்களுக்கு நாளொன்றுக்கு 8 யூரோ என்று கணக்கும் போட்டது. தொகை சிறிதுதான். ஆனால் உள்நாட்டு நீதிபதியிடமே கேட்டு வாங்கலாம் என்றாகிவிட்டது.

அரசு முரண்டு பிடித்தால் இந்த இயந்திரம் திணறும். கைதிகளுக்கு ஒட்டுமொத்தமாக வாக்குரிமை மறுப்பது தவறு என்று 2005ல் பிரிட்டனுக்குச் சொன்னார்கள். 2011ல் பிரிட்டன் மக்களவை 234க்கு 22 என்று தடைக்கு ஆதரவாக வாக்களித்தது. கடைசியில் தற்காலிக விடுப்பில் வெளியே இருக்கும் கைதிகள் போன்ற சிலருக்கு மட்டும் வழிவிட, 2018ல் கோப்பு மூடப்பட்டது. ரஷ்யா, ஸ்ட்ராஸ்பர்க் தீர்ப்புகளைத் தன் அரசியல் சாசன நீதிமன்றமே ஒதுக்கலாம் என்று 2015ல் சட்டம் போட்டது. உக்ரைன் படையெடுப்புக்குப் பிறகு 2022ல் ஐரோப்பிய கவுன்சிலிலிருந்தே வெளியேற்றப்பட்டது.

எதிர்ப்பு எல்லாமே அடாவடி என்று சொல்லவும் முடியாது. நீதிமன்றத்துக்கு வராத சாட்சியின் வாக்குமூலம்தான் தீர்மானகரமான சான்று என்றால் அந்தத் தண்டனை நியாயமற்றது என்று 2009 ஜனவரியில் ஸ்ட்ராஸ்பர்க் சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், எங்கள் சாட்சிய விதிகளை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று விரிவாகக் காரணம் எழுதி மறுத்தது. 2011ல் பேரமர்வு மறுபடி விசாரித்து, தன் விதியைத் தளர்த்திக்கொண்டது. முன்னால் இருந்த இரண்டு வழக்கில், சாட்சி இறந்துபோன வழக்கில் பிரிட்டன் பக்கமும், சாட்சி பயந்து வராத வழக்கில் மனுதாரர் பக்கமும் தீர்ப்பானது.