பட்டையை அழுத்தும் கை: எக்செல் மேக்ரோ பற்றி ஒரு தணிக்கையாளரின் எச்சரிக்கை

கணக்காளர்களிடம் போய் ‘எக்செல் கோப்பில் மேக்ரோவை (கோப்புக்குள்ளேயே எழுதிவைத்த, வேலைகளைத் தானாகச் செய்யும் சிறு நிரலை) அனுமதிக்காதீர்கள்’ என்று சொன்னால் சிரிப்பார்கள். சிரிப்பதில் நியாயம் இருக்கிறது. வருமான வரித் துறை வெளியிடும் எக்செல் படிவமே மேக்ரோவில்தான் ஓடுகிறது. ‘வேலிடேட்’, ‘ஜெனரேட் ஜேசான்’ என்று அதிலுள்ள பொத்தான்களெல்லாம் மேக்ரோவை அனுமதித்தால்தான் அசையும். ஜிஎஸ்டி 3பி, ஆண்டுப் படிவம் 9 ஆகியவற்றுக்கான எக்செல் கருவிகளும் அப்படியே. ஆகவே ‘அனுமதிக்காதே’ என்பது நம் தொழிலில் செல்லுபடியாகாத அறிவுரை.

ஆனால் கை பழகிவிடுகிறது. ஜூலை கடைசி வாரத்தில், மேக்ரோ உள்ள கோப்பைத் திறந்ததும் மேலே வரும் மஞ்சள் பட்டையில் ‘எனேபிள் கன்டென்ட்’ அழுத்தி அழுத்திப் பழகியவர், ‘நிலுவை பில்’ என்ற பெயரில் மின்னஞ்சலில் வந்த கோப்பிலும் படிக்காமலே அழுத்திவிடுவார். திருடன் நம்பியிருப்பது இந்தப் பழக்கத்தைத்தான். எமோடெட், டிரைடெக்ஸ் போன்ற தீநிரல்கள் இப்படித்தான் பரவின. பில், ரசீது என்ற பெயரில் வந்த வேர்டு, எக்செல் கோப்புகளின் மேக்ரோ வழியாக. இதற்குத் தாளில் உள்ள எந்தப் பொத்தானையும் அழுத்த வேண்டும் என்றுகூட இல்லை. கோப்பு திறந்த உடனே தானாக ஓடும்படி மேக்ரோ எழுதலாம். நீங்கள் அனுமதித்த அந்த நொடியே அது வேலையைத் தொடங்கிவிடும்.

2022-இல் மைக்ரோசாஃப்ட் கொஞ்சம் கடுமை காட்டியது. இணையத்திலிருந்து இறக்கிய கோப்பின் மீது விண்டோஸ் ஒரு முத்திரையைப் பதித்துவைக்கிறது. அந்த முத்திரை இருந்தால் மஞ்சளுக்குப் பதிலாகச் சிவப்புப் பட்டை வரும். அதில் அனுமதிக்கும் பொத்தானே கிடையாது. கோப்பின் பிராபர்ட்டீஸில் போய் ‘அன்பிளாக்’ குறியிட வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் துறையின் படிவத்துக்கும் அதே சிவப்புப் பட்டை வருவதால், இப்போது ‘அன்பிளாக்’ செய்வதும் கைக்குப் பழகிவிட்டது. சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், டவுன்லோட்ஸ் ஃபோல்டரையே நம்பகமான இடமாக, அதாவது மேக்ரோ கேட்காமலே ஓடும் இடமாக, எக்செல்லில் பதிந்துவைத்திருக்கிறார்கள். தெருவில் போகிற எவரும் உள்ளே வரலாம் என்று எழுதி ஒட்டியதற்குச் சமம்.

சிவப்புப் பட்டை வரவில்லை என்பதால் கோப்பு நல்லது என்றும் நினைக்க வேண்டாம். எஃப்ஏடி32, எக்ஸ்ஃபேட் என்ற சேமிப்பு முறைகளில் அமைந்த பென்டிரைவில் அந்த முத்திரை தங்காது. ஜிப் கோப்பைப் பிரிக்கும் மென்பொருள்கள் சிலவும் அதை உள்ளிருக்கும் கோப்புக்குக் கடத்துவதில்லை. யாரோ இறக்கி, பென்டிரைவில் கைமாறி வந்த படிவம் சாதாரணக் கோப்பு போலவே திறக்கும். படிவத்தைத் துறையின் தளத்திலிருந்து நீங்களே இறக்குங்கள்; நண்பர் வாட்ஸ்அப்பில் அனுப்பியது வேண்டாம். நடுவில் துறை புதிய பதிப்பு வெளியிட்டிருந்தால் நண்பர் அனுப்பியது எப்படியும் பழையதாகத்தான் இருக்கும். மஞ்சள் பட்டையிலும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். ஒருமுறை அனுமதித்த கோப்பை அந்தக் கணினி நம்பிவிடும். பிறகு அதே கோப்பின் மேக்ரோவை வேறொருவர் மாற்றி எழுதினாலும் உங்களிடம் கேட்காது.

வெளியிலிருந்து வரும் ஆபத்தாவது பேசப்படுகிறது. தணிக்கையில் நான் அதிகம் பார்ப்பது அலுவலகத்துக்குள்ளேயே இருக்கும் பொத்தான்களால் வரும் நட்டத்தை.

ஒரு பின்னலாடை நிறுவனத்தின் சம்பளத் தாளின் மூலையில் பச்சை நிறத்தில் ஒரு பொத்தான், ‘பிஎஃப் ஃபைல்’ என்று. அழுத்தினால் வருங்கால வைப்பு நிதித் (பிஎஃப்) தளத்தில் ஏற்றுவதற்கான இசிஆர் என்ற மாதக் கணக்குக் கோப்பு தயார். ஒரு தொழிலாளிக்கு ஒரு வரி; யுஏஎன் (வைப்பு நிதி உறுப்பினர் எண்), பெயர், ஊதியம், பங்களிப்பு என ஒவ்வொன்றுக்கும் நடுவே #~# என்ற குறி. கையால் தட்டினால் கண் பூத்துப்போகும் வேலை. பொத்தான் இரண்டு நொடியில் முடித்தது. ஆனால் சம்பளத் தாளின் பிடித்தத்தோடு சலான் தொகை ஒத்துப்போகவில்லை.

ஆல்ட்டையும் எஃப்11-ஐயும் சேர்த்து அழுத்தி மேக்ரோவின் நிரலைத் திறந்தோம். நடுவில் ஒரு வரி: ‘ஃபார் ஐ = 2 டு 41’. அதாவது 2-ஆம் வரிசை முதல் 41-ஆம் வரிசை வரை மட்டும் எடு. எழுதியபோது நாற்பது பேர் இருந்திருக்கிறார்கள். தலைப்பு வரிசை போக 2 முதல் 41 வரை. பிறகு சேர்ந்தவர்கள் 42-ஆம் வரிசையிலிருந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் சம்பளத்தில் பணம் பிடித்தாகிவிட்டது, வைப்பு நிதிக்குப் போகவில்லை. தாமதத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, அதற்கு மேல் அபராதம், தொழிலாளியின் பணத்தைப் பிடித்துவைத்துக்கொண்டதற்கான சட்டச் சிக்கல் தனி. நிரல் எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார். பொத்தான் மட்டும் மாதாமாதம் ‘ஃபைல் ரெடி’ என்று சொல்லிக்கொண்டிருந்தது. அது பொய்யும் இல்லை. கோப்பு தயாராகத்தான் இருந்தது.

இதைப் பிடிக்கப் பெரிய ஞானம் தேவையில்லை. பொத்தான் தரும் மொத்தத்துக்குப் பக்கத்தில் சாதாரணக் கூட்டல் (சம்) சூத்திரத்தில் ஒரு மொத்தமும், ஆட்களின் எண்ணிக்கையும் வைத்தால் போதும். இரண்டும் இடித்தால், பணம் கட்டக் கடைசி நாளான பதினைந்தாம் தேதிக்கு முன்பே தெரிந்துவிடும். நிரலில் ‘ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்’ என்ற வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். பிழை வந்தாலும் கண்டுகொள்ளாமல் அடுத்த வரிக்குப் போ என்று அர்த்தம். கணக்கு வேலையில் அந்த வரியைக் கண்டாலே எனக்குக் கோபம் வரும்.

நிரலுக்குக் கடவுச்சொல் போட்டுப் பூட்டிக் கொடுப்பவர்களிடம் கடவுச்சொல்லையும் எழுதி வாங்குங்கள். அந்தப் பூட்டு விவரம் தெரிந்தவனைத் தடுக்காது, கோப்பின் சொந்தக்காரரைத்தான் தடுக்கும்.

குறுக்குவிசை (ஷார்ட்கட்) விஷயத்தில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. மேக்ரோவுக்குக் கண்ட்ரோல்+டி என்று வைத்தால், அந்தக் கோப்பு திறந்திருக்கும் வரை எக்செல்லின் வழக்கமான கண்ட்ரோல்+டி (மேல் கட்டத்தில் இருப்பதைக் கீழே நிரப்புவது) வேலை செய்யாது. அது மட்டுமா, பக்கத்தில் திறந்திருக்கும் வேறு கோப்பில் நின்று அழுத்தினாலும் அந்த மேக்ரோதான் ஓடும். ‘பழையதை அழி’ வகை மேக்ரோ எந்தத் தாள் என்று பெயர் சொல்லாமல் எழுதப்பட்டிருந்தால், கண் முன்னால் இருக்கும் தாளை அழித்துவிடும். உடனே கண்ட்ரோல்+இசட் தட்டுவீர்கள், பயனில்லை. மேக்ரோ தாளை மாற்றிய பிறகு எக்செல் பின்வாங்கும் (அன்டூ) பட்டியலையே காலி செய்துவிடுகிறது. அழிக்கும், மாற்றும் மேக்ரோக்களுக்குக் குறுக்குவிசையே வேண்டாம். பொத்தான் வைத்து, ‘நிச்சயமா?’ என்று ஒரு கேள்வியும் கேட்க வையுங்கள். ஓட்டும் முன் கோப்புக்கு ஒரு நகல்.

சந்தேகமான கோப்பை எப்படியும் பார்த்தே ஆக வேண்டுமென்றால் கூகுள் ஷீட்ஸில் திறந்து பாருங்கள். எக்செல் மேக்ரோ அங்கே ஓடாது. தெரியாமல் அனுமதித்துவிட்டீர்கள் என்றால் முதலில் அந்தக் கணினியின் இணையத் தொடர்பைத் துண்டியுங்கள். வங்கி, வரித் தளக் கடவுச்சொற்களை வேறொரு கணினியிலிருந்து மாற்றுங்கள். கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற இணைய மோசடிப் புகார் எண்ணுக்கு அழையுங்கள்.