கிற்றார் செய்யும் தம்பிமாரே, முதலில் எர்த்தைப் பாருங்கள்

மட்டக்களப்பில் சொந்தமாக எலக்ட்ரிக் கிற்றார் செய்கிற, அல்லது வாங்கிய கிற்றாரைப் பிரித்துத் தங்கள் விருப்பத்துக்கு மாற்றுகிற பொடியன்கள் என்னிடம் வந்தால் பலாப் பலகை நல்லதா மகோகனி நல்லதா, எந்தப் பிக்கப் போடலாம், என்ன நிறம் அடிக்கலாம் என்று மணிக்கணக்கில் கேட்பார்கள். நல்ல கேள்விகள்தான். பலகை நன்றாகக் காய்ந்திருந்து, கழுத்தும் வளையாமல் நின்றால் பல மரங்களில் நல்ல கிற்றார் வரும் என்பது என் எண்ணம், ஆகவே மரத்தை இத்துடன் விடுகிறேன். பிரிஜ்ஜுக்கு, அதாவது கிற்றாரின் உடலில் தந்திகள் ஏறி நிற்கிற இரும்புத் தாங்கிக்கு, கீழே போகிற அந்தச் சின்ன எர்த் வயரைப் பற்றித்தான் யாரும் கேட்பதில்லை.

பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றித் தலைமயிர் போன்ற செப்பு வயரை ஆயிரக்கணக்கான சுற்றுச் சுற்றிய சுருள். தந்தியின் அதிர்வைப் பிடிக்கிற அதே சுருள் வீட்டு வயரிங்கின் 50 ஹேர்ட்ஸ் இரைச்சலையும் பிடிக்கும், பக்கத்தில் நிற்கிற நம் உடம்பும் அந்த இரைச்சலை வாங்கிக் கொடுக்கும். அதைக் குறைக்கத்தான் பிரிஜ்ஜிலிருந்து ஒரு வயர் எடுத்து, கேபிள் செருகுகிற ஜாக்கின் எர்த் பக்கத்தோடு சேர்க்கிறோம். தந்தியில் கை வைத்ததும் இரைச்சல் அடங்குவது இதனால்தான்.

சரி, இப்போது மறுபக்கத்தைப் பாருங்கள். தந்தி, பிரிஜ், ஜாக், கேபிளுக்குள்ளே இருக்கிற வயர்ப் பின்னல் உறை, சத்தத்தைப் பெருக்குகிற அம்பின் இரும்புச் சட்டகம் எல்லாம் ஒரே தொடர். வாசிக்கிற நேரம் முழுவதும் உங்கள் கை அம்பின் சட்டகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அம்ப் ஒழுங்காக எர்த் ஆகியிருந்தால், அதாவது பிளக்கின் எர்த் வயர் வழியாக நிலத்தோடு சேர்ந்திருந்தால், ஒன்றும் இல்லை. எர்த் இல்லாமல், உள்ளே 230 வோல்ற் எங்காவது சட்டகத்தில் பட்டுவிட்டால் அது நேராகத் தந்திக்கு வரும், மிக்ஸர் வழியாக எர்த்தோடு சேர்ந்திருக்கிற மைக்கின் வலையில் உதடு பட்டதும் கையிலிருந்து வாய்க்கு, நெஞ்சைத் தாண்டி ஓடும். மைக் பக்கம் எர்த் இல்லாவிட்டாலும் இதே ஆபத்துத்தான்: ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிற்றார்க்காரர் லெஸ் ஹார்வி 1972 மே மாதம் வேல்ஸின் ஸ்வான்சீ நகரத்தில் எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார்.

அண்மையில் ஒரு தம்பி தானே வயரிங் செய்த கிற்றாரோடு வந்தார். "அண்ணன், மைக்கில வாய் பட்டாச் சுள்ளெண்டு அடிக்குது, பிக்கப் பிழையா?" பிக்கப்பில் ஒரு பிழையும் இல்லை, ஈயம் வைத்த இடங்களும் பளபளவென்று நன்றாகவே இருந்தன. அவர் கொண்டுவந்த எக்ஸ்டென்ஷனின் பிளக்கைத் திறந்தேன். எர்த்துக்கான பச்சை-மஞ்சள் வயர் வெட்டப்பட்டு, கறுப்பு ரேப் சுற்றி ஓரமாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. "எர்த்தை எடுத்தால் இரைச்சல் போகும்" என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். தயவுசெய்து இதை ஒருபோதும் செய்யாதீர்கள். இரைச்சல் தொல்லை என்றால் பிக்கப் குழிக்குச் செப்புத் தாள் ஒட்டுங்கள், இரைச்சலை அடக்குகிற இரட்டைச் சுருள் பிக்கப்பான ஹம்பக்கர் போடுங்கள், அம்பையும் மிக்ஸரையும் ஒரே இடத்திலிருந்து கரண்ட் எடுத்துக் கொடுங்கள்.

நம்முடைய ஊருக்கு இது இன்னும் முக்கியம். கோயில் திருவிழா மேடையிலும் தேவாலயத்திலும் வெறுங்காலோடு நிற்கிறோம், நத்தார் நிகழ்ச்சிகள் வருவது மாரி மழையில், எக்ஸ்டென்ஷன் ஈரப் புல்லுக்கு மேலால் போகிறது. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் வேறொரு சிக்கல்: கல்லடிப் பக்கம் மாதிரி மணல் நிலம் காய்ந்துபோனால் எர்த் கம்பிக்குப் பிடிமானம் குறைந்துவிடும், சொக்கற்றில் மூன்று துளை இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்று நம்ப முடியாது. கரண்ட் கசிந்தால் தானாக விழுகிற 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் அந்த லைனில் இருக்கிறதா, அதன் பொத்தானை அமுக்கினால் விழுகிறதா என்று பாருங்கள்.

கிற்றாரில் செய்ய வேண்டியது சின்ன வேலை. பிரிஜ்ஜுக்குக் கீழே வைக்கிற வயரின் நுனியை ஒரு சென்ரிமீற்றர் உரித்து, இழைகளை விசிறி மாதிரி விரித்து, இரும்பு நேரே படும்படி அழுத்துங்கள். வார்னிஷ் இடையில் இருந்தால் தொடர்பு கிடைக்காது. கேபிளைக் கழற்றிவிட்டு, ஓம் அளவில் வைத்த மல்ரிமீற்றரின் ஒரு முனையைத் தந்தியிலும் மற்றதை ஜாக்கின் வெளிப்பக்கத்திலும் வையுங்கள், கிட்டத்தட்ட 0 ஓம் வர வேண்டும். உப்புக் காற்றில் ஜாக் பச்சை பிடிக்கும், இடைக்கிடை திரும்பவும் அளந்து பாருங்கள். ஈயம் வைக்கும்போது குழாய் வேலைக்குப் பாவிக்கிற அசிட் பேஸ்ற் வேண்டாம், வயரைத் தின்றுவிடும். பற்றரி போடுகிற ஈஎம்ஜி மாதிரிப் பிக்கப்புகளுக்கு அந்த பிரிஜ் வயரே தேவையில்லை என்பதையும் தெரிந்துவைத்திருங்கள்.

மேடையில், பாடுமுன், மீற்றரை ஏசி வோல்ற்றில் வைத்துத் தந்திக்கும் மைக் வலைக்கும் இடையே அளந்து பாருங்கள். பூச்சியத்துக்குக் கிட்ட இருந்தால் வாசிக்கலாம். 230இல் பாதியளவு காட்டினால் சிலவேளை அது இரண்டு முள் சார்ஜரின் சின்னக் கசிவாக இருக்கலாம், ஆனால் அதை விரலால் தொட்டுத் தீர்மானிக்கிற வேலை வேண்டாம், பிளக்கைக் கழற்றிவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள். அம்பை மட்டும் நீங்களே திறக்காதீர்கள். வால்வ் அம்பில் பிளக்கை எடுத்த பின்னும் 300, 400 வோல்ற் நிற்கும்.

கிற்றாரை என்னிடம் கொண்டுவருகிறவர்கள் அம்பின் பவர் கேபிளையும் மேடைக்குப் பாவிக்கிற எக்ஸ்டென்ஷனையும் சேர்த்தே கொண்டுவாருங்கள். அதைத் திறந்து பார்ப்பதற்கு நான் காசு வாங்குவதில்லை.