கொக்கி இருந்தும் மாட்ட முடியாத பெட்டி

போன வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருடைய அப்பாவுக்கு 68 வயது. கண்புரை அறுவைக்கு முன்னால் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் சி இருப்பது தெரியவந்திருக்கிறது. மருத்துவர் சொஃபோஸ்புவிர், வெல்பட்டாஸ்விர் இரண்டும் சேர்ந்த மாத்திரையை எழுதிக்கொடுத்து, தினம் ஒன்று, 12 வாரம், அப்புறம் சரியாகிவிடும் என்று அனுப்பிவிட்டார். மகனுக்கு நம்பிக்கை வரவில்லை. “ஜலதோஷ வைரஸுக்கே மருந்து கிடையாது என்கிறீர்கள், 84 மாத்திரையில் கல்லீரல் வைரஸ் போய்விடுமா? கூடவே கீழாநெல்லியும் கொடுக்கலாமா?” என்று கேட்கிறார்.

போய்விடும். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடும் நூறு பேரில் ஏறக்குறைய 95 பேருக்கு அடியோடு போய்விடும். இதற்கு முன்பு இருந்தது இன்டர்ஃபெரான் ஊசி. ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை காய்ச்சல், உடம்பு வலி, முடி உதிர்தல், சிலருக்குக் கடுமையான மனச்சோர்வு. இத்தனையும் பட்டுக் குணமானவர்கள் பாதிப் பேர்தான்.

அப்பாவுக்கு எப்படி வந்தது என்று இப்போது துருவுவதில் பயனில்லை. இந்த வைரஸைக் கண்டுபிடித்ததே 1989இல்தான். அதுவரை டாக்டர்கள் இதை ‘ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை’ என்றே அழைத்தார்கள். இந்திய ரத்த வங்கிகளில் இதற்கான சோதனை கட்டாயமானது 2001இல். அதற்கு முன்னால் ஏற்றிய ஒரு பாட்டில் ரத்தமாக இருக்கலாம், பலருக்கும் மாறி மாறிப் போட்ட ஒரு கண்ணாடி ஊசியாக இருக்கலாம். எகிப்தில் நத்தைக் காய்ச்சல் ஒழிப்புக்காக அரசே 1950களிலிருந்து ஊர் ஊராகப் போட்ட ஊசிகளால்தான் லட்சக்கணக்கானவர்களுக்கு இது பரவியது. நல்லது செய்யப் போய் வந்த வினை. உள்ளே வந்த வைரஸ் இருபது, முப்பது வருடம் சத்தமே போடாமல் கல்லீரலைத் தழும்பாக்கிக்கொண்டிருக்கும்.

சரி, மாத்திரைக்கு வருவோம். எனக்கு இதில் பிடித்த இடம் ஒன்று உண்டு. அங்கே கொஞ்சம் நின்றுதான் போவேன்.

வைரஸின் மரபுச் செய்தி ஒற்றை ஆர்.என்.ஏ. இழையில் இருக்கிறது. சுமார் 9,600 எழுத்துகள். அதை ஒரு நீளமான சரக்கு ரயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கே வகைப் பெட்டிகள், அவைதான் மாறி மாறி வரும். பழைய ரயிலைப் பார்த்துப் புது ரயில் கோக்கும் ஆள், பாலிமரேஸ் என்னும் வைரஸின் நொதி. இவர் படுவேகம், ஆனால் செய்ததைத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் கிடையாது. நோயாளி ஒருவரின் உடம்பில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி வைரஸ்கள் உருவாகின்றன என்றால் வேகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சொஃபோஸ்புவிர் அந்த யார்டுக்குள் ஒரு கள்ளப் பெட்டியைத் தள்ளிவிடுகிறது. அது அந்த நான்கு வகைகளில் ஒன்றான ‘யூ’ பெட்டியைப் போலவே இருக்கும். எச்.ஐ.வி.க்கு வந்த பழைய மருந்துகளும் கள்ளப் பெட்டிகள்தான். ஆனால் அவற்றில் அடுத்த பெட்டியை மாட்டும் கொக்கியையே வெட்டி எடுத்திருப்பார்கள். இதில் கொக்கி பத்திரமாக இருக்கிறது. அதற்குப் பக்கத்து இடத்தில் இரண்டே மாற்றங்கள்: ஹைட்ராக்சில் இருந்த இடத்தில் ஒரு ஃப்ளூரின், ஹைட்ரஜன் இருந்த இடத்தில் ஒரு மெத்தில். மெத்தில் என்பது ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும், அவ்வளவே. நொதி வழக்கம்போலப் பெட்டியை வாங்கிக் கோத்துவிடுகிறது. அடுத்த பெட்டியைக் கொண்டுவந்தால், கொக்கி கண்ணுக்கு எதிரே இருந்தும் அந்த மெத்தில் புடைப்பு இடிக்கிறது, பெட்டி வந்து உட்காரவில்லை. ரயில் அங்கேயே நின்றுவிடும். நம் செல்களின் பாலிமரேஸ்கள் இந்தப் பெட்டியை ஏறக்குறையத் தொடுவதே இல்லை. பக்க விளைவாகத் தலைவலி, அசதியோடு பெரும்பாலானவர்கள் தப்பிப்பது அதனால்தான்.

இதைவிட அழகான வேலை, அந்தப் பெட்டியைக் கல்லீரலுக்குள் கொண்டுசேர்த்த விதம். நொதி கையில் எடுக்க வேண்டுமானால் பெட்டியின் முனையில் மூன்று பாஸ்பேட் இருக்க வேண்டும். இரண்டாவதையும் மூன்றாவதையும் நம் செல்லே மாட்டிவிடும். முதலாவதுதான் மாட்டாது. செல்லின் நொதிகள் இந்த மூலக்கூறைப் பார்த்து முகம் திருப்பிக்கொள்ளும். அப்படியானால் முதல் பாஸ்பேட்டை நாமே மாட்டி அனுப்பலாமே? அங்கே வேறு சிக்கல். பாஸ்பேட்டுக்கு எதிர் மின்னூட்டம் உண்டு, செல் சவ்வோ கொழுப்பு. மின்னூட்டம் உள்ளதைச் சவ்வு உள்ளே விடாது.

அதனால் பாஸ்பேட்டுக்கு எண்ணெய்ப் பசையுள்ள ஒரு கோட்டு மாட்டினார்கள். இந்தக் கோட்டு உத்தி கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் மெக்கீகன் என்ற வேதியியலாளர் உருவாக்கியது. கோட்டு போட்ட மூலக்கூறு சவ்வில் வழுக்கிக்கொண்டு உள்ளே போகிறது. நாம் விழுங்குவதில் பெரும்பாலானவை குடலிலிருந்து முதலில் இறங்கும் ஸ்டேஷன் கல்லீரல்தான். வாய்வழி மருந்து செய்பவர்களுக்கு இது தீராத தலைவலி, பாதி மருந்தைக் கல்லீரலே பிரித்துப்போட்டுவிடும். இங்கே அந்தப் பிரித்துப்போடும் குணம்தான் தேவை. கல்லீரலில் ஏராளமாக இருக்கும் நொதிகள் கோட்டைக் கழற்றுகின்றன, மின்னூட்டம் வெளியே வருகிறது. இப்போது சவ்வைத் தாண்டி வெளியே போகவும் வழியில்லை. வைரஸ் குடியிருக்கும் அதே செல்லுக்குள் மருந்து மாட்டிக்கொண்டுவிட்டது! இதை முதன்முதலில் படித்த அன்று வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து விளக்கினேன். யாரும் அவ்வளவாக ரசிக்கவில்லை.

மைக்கேல் சோஃபியா என்ற வேதியியலாளரின் குழு செய்தது இது. மருந்தின் பெயரில் இருக்கும் ‘சொஃபோ’ அவர்தான்.

கூட்டாளியான வெல்பட்டாஸ்விர், வைரஸின் இன்னொரு புரதத்தை முடக்குகிறது. திரும்பிப் பார்க்காத நொதி தினமும் எல்லா இடத்திலும் தவறு செய்வதால், ஒரு மருந்துக்குத் தப்பும் வைரஸ் எப்போதும் கூட்டத்தில் இருக்கும். இரண்டுக்கும் ஒருசேரத் தப்புவது மிக அரிது. அதோடு, சொஃபோஸ்புவிருக்குத் தப்பும் மாற்றத்தைப் பெற்ற வைரஸ் நொண்டியாகிவிடுகிறது, சரியாகப் பெருக முடிவதில்லை.

அடியோடு போகிறது என்று சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. எச்.ஐ.வி. நம் டி.என்.ஏ.வுக்குள் தன்னை எழுதி வைத்துவிடும். ஹெபடைடிஸ் பி உட்கருவுக்குள் ஒரு பிரதியை ஒளித்துவைக்கும். சி-க்கு அந்த ஏற்பாடே இல்லை, உட்கருவுக்கு வெளியே ஆர்.என்.ஏ.வாகவே வாழ்கிறது. நகலெடுப்பதை நிறுத்தினால் ஏற்கெனவே இருப்பவை சிதைந்துபோகும், அதோடு முடிந்தது.

இப்போது அப்பா கவனிக்க வேண்டியவை. மாத்திரையைத் தொடங்குவதற்கு முன் ஹெபடைடிஸ் பி பரிசோதனை நடந்ததா என்று கேளுங்கள். இரண்டு வைரஸும் ஒரே கல்லீரலில் இருந்தால் சி பெரும்பாலும் பி-யை அடக்கி வைத்திருக்கும். சி போனதும் பி எழுந்துகொண்டு, சிலருக்குக் கல்லீரலே செயலிழந்திருக்கிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016இல் இதற்குக் கட்டம் கட்டிய எச்சரிக்கை கொடுத்தது. அப்புறம் வயிற்று எரிச்சல் மாத்திரை. நம் ஊரில் ஒமிப்ரசோலை யாரும் மருந்தாகவே கணக்கில் வைப்பதில்லை, கேட்டால் சொல்லவும் மாட்டார்கள். வெல்பட்டாஸ்விர் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். ஒமிப்ரசோல் வகையை டாக்டரைக் கேட்காமல் போடவே கூடாது. ஜெலூசில் மாதிரி மருந்தென்றால் நான்கு மணி நேர இடைவெளி விட வேண்டும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிட்டாய்ன், கார்பமாஸெபின் ஆகியவை குடல் சுவரில் மருந்தை வெளியே தள்ளும் பம்புகளைக் கூட்டிவிடும், மாத்திரை போதுமான அளவு உள்ளே போகாது. இதயத் துடிப்புக்காக அமியோடரோன் எடுப்பவருக்குத் துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையலாம். சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவராக இருந்தால், வைரஸ் குறையக் குறையச் சர்க்கரையும் இறங்கலாம். அப்போது பழைய அளவிலேயே இன்சுலின் போட்டால் மயக்கம் வரலாம். ஆகவே, வீட்டில் உள்ள அத்தனை மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு டாக்டர் மேசையில் கொட்டிவிடுங்கள். மூன்றாவது வாரமே உடம்பு தெம்பாகிவிட்டது என்று நிறுத்தவும் வேண்டாம்.

கீழாநெல்லி விஷயம். 1988இல் சென்னையில் ஹெபடைடிஸ் பி நோயாளிகளுக்குக் கீழாநெல்லி கொடுத்துப் பார்த்து, நல்ல பலன் என்று லான்செட் மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய புளூம்பெர்க் அதில் ஒரு ஆசிரியர். பிறகு மற்ற இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் திரும்ப வரவில்லை. ஆராய்ந்து பார்த்ததை நான் மதிக்கிறேன். அப்படி எதுவும் செய்யாமல் ‘காமாலைக்கு மூன்றே வேளை’ என்று போர்டு மாட்டியிருப்பவர்களைத்தான் தாங்க முடியவில்லை. அந்த 12 வாரத்துக்குக் கீழாநெல்லி வேண்டாம். எந்தப் பம்பை அது கூட்டும், குறைக்கும் என்பதைச் சோதித்துவிட்டு யாரும் விற்பதில்லை.

செலவுக்கும் ஒரு வார்த்தை. 2013 டிசம்பரில் அமெரிக்காவில் வந்தபோது சொஃபோஸ்புவிர் ஒரு மாத்திரை ஆயிரம் டாலர், 12 வாரத்துக்கு 84,000. வைரஸைத் துரத்திப் பிடித்த அடிப்படை ஆராய்ச்சியில் பெரும் பங்கு பொதுப்பணத்தில் நடந்தது. இந்த விலை அப்போதும் எனக்கு நியாயமாகப் படவில்லை, இப்போதும் படவில்லை. 2014இல் இந்திய நிறுவனங்களுக்கு உரிமம் கிடைத்த பிறகு இங்கே விலை மளமளவென்று இறங்கியது. 2018 ஜூலையிலிருந்து தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரியில் கேட்டுப் பாருங்கள்.

84 மாத்திரையும் முடிந்த பிறகு இன்னொரு 12 வாரம் காத்திருந்து, ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் ‘வைரல் லோட்’ சோதனை எடுப்பார்கள். அதில் ‘கண்டறியப்படவில்லை’ என்று வந்தால் குணம். கல்லீரல் ஏற்கெனவே சுருங்கியிருந்தால் மட்டும், புற்றுநோய் வருகிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் பார்க்க வேண்டும். அந்த லோட் ரிப்போர்ட்டைத் தொலைத்துவிடாதீர்கள். வைரஸ் போனாலும் அதை எதிர்த்த ஆன்டிபாடி ரத்தத்தில் பெரும்பாலும் ஆயுசுக்கும் இருக்கும். அடுத்த கண்ணுக்கு அறுவை என்று போகும்போது லேப்பில் மறுபடி ‘பாசிட்டிவ்’ என்று சிவப்பு மையில் எழுதித் தருவார்கள். அந்தத் தாளோடு இந்தத் தாளையும் சேர்த்துப் பின் அடித்து நீட்டுங்கள்.