தம்பி, ஒரு தடவை பெட்டி முன்னால் குந்திப் பாருங்க

போன சனிக்கிழமை ஹட்டன் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். தகரக் கூரை, சிமெந்துத் தரை, மூன்று பக்கமும் மொட்டைச் சுவர். மூன்றும் சேர்ந்து வந்தால் ஒலி வேலை செய்கிறவனுக்கு அன்றைக்குத் தலைவலி நிச்சயம். ஆனால் இன்றைக்கு எழுத வந்தது மண்டபத்தைப் பற்றி இல்லை. பேஸ் கிட்டார் வாசித்த தம்பி, இருபத்திரண்டு வயது இருக்கும், நல்ல கை. தன் பேஸ் ஸ்பீக்கர் பெட்டியைப் பாடகிக்கு நேர் பின்னால் தரையில் வைத்துவிட்டு, அதற்கு முன்னால் ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டு, "அண்ணே, எனக்கே கேட்கல" என்று சொல்லிச் சொல்லிச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார். மூன்றாவது பாட்டில் முன்வரிசையில் இருந்த பெரியவர்கள் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தார்கள். ஐந்தாவது பாட்டில் பாடகி பாடுவதை விட்டுக் கத்தத் தொடங்கினார். மாப்பிள்ளையின் மாமா நேரே என் மிக்சருக்கு வந்து, "என்ன மாஸ்டர், நெஞ்சு அதிருது, பாட்டு ஒண்ணும் விளங்கல" என்று ஒரு பிடி பிடித்தார். திட்டு எப்போதும் சவுண்ட்காரனுக்குத்தான், அது பழகிவிட்டது.

சாப்பாட்டு இடைவேளையில் தம்பியைக் கூப்பிட்டு, "எதையும் திருகாதீங்க, அப்படியே பெட்டி முன்னால் குந்தி, ஒரே ஒரு தடவை வாசிங்க" என்றேன். குந்தினார். ஒரு சுரம்தான் வாசித்தார், காதைப் பொத்திக்கொண்டு எழும்பிவிட்டார். "இவ்வளவு சத்தமா அண்ணே?" ஆமாம். அரை மணி நேரமாக அவ்வளவு சத்தம்தான். அது உங்கள் முழங்காலுக்கும் முன்வரிசைத் தாத்தாவின் முகத்துக்கும் போய்க்கொண்டிருந்தது, உங்கள் காதுக்கு மட்டும் போகவில்லை.

இது இந்த வருடத்தில் எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். தலவாக்கலை, மஸ்கெலியா, பதுளை, பண்டாரவளை, எங்கே போனாலும் இதே கதை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் எனக்கு எரிச்சல் மூட்டும் அந்தப் பெரிய நம்பிக்கையை எடுத்துக்கொள்கிறேன். "பேஸ் அலை நீளமானது, அது பக்கத்தில் கேட்காது, தூரம் போன பிறகுதான் உருவாகும்." இதை என்னிடம் சொல்லாத பேஸ்காரர் குறைவு. சில பேர் கணக்கோடு வருவார்கள்: தடித்த ஈ தந்தியைச் சும்மா மீட்டினால் 41 ஹெர்ட்ஸ், அதன் அலைநீளம் எட்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேல், ஆகவே எட்டு மீட்டர் தள்ளி நிற்கிறவனுக்குத்தான் கேட்கும் என்று. 41 ஹெர்ட்ஸ் சரி, எட்டு மீட்டரும் சரி. அந்த "ஆகவே"தான் பிழை. காது அலையின் முழு நீளத்தையும் முழம் போட்டு அளந்து பார்ப்பதில்லை. காதுச் சவ்வு இருக்கிற அந்த ஒரு இடத்தில் காற்றின் அழுத்தம் கூடுகிறது, குறைகிறது, வினாடிக்கு 41 தடவை. அவ்வளவுதான் காதுக்கு வேண்டும். கொழும்பு பஸ்ஸில் இயர்போன் போட்டுக்கொண்டு வருகிறீர்களே, அதில் பேஸ் கேட்கவில்லையா? அந்தக் குட்டி ஸ்பீக்கர் காதுத் துவாரத்திலேயே இருக்கிறது, எட்டு மீட்டருக்கு அங்கே எங்கே இடம்? இன்னும் வேண்டுமென்றால் நம் காமன் கூத்துக்கு வாருங்கள். தப்பு அடிக்கிறவர் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அடிக்கிறார். அடுத்த லயத்துக்கு, அதாவது அடுத்த தோட்ட வீட்டு வரிசைக்கு, போய் நின்றால்தான் தன் தப்பு தனக்குக் கேட்கும் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

அப்படியானால் மேடையின் முன்விளிம்புக்கு நடந்து போனால் நன்றாகக் கேட்கிறதே, அது ஏன்? உண்மைதான், கேட்கிறது. ஆனால் காரணம் வேறு. பத்து அங்குல ஸ்பீக்கர் இரண்டு உள்ள பெட்டி தரையில் இருந்தால், ஸ்பீக்கர்களின் நடு ஏறக்குறைய 35 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். நிற்கிறவரின் காது 160 சென்டிமீட்டரில். அரை மீட்டர் தள்ளி நின்றால் உங்கள் காது ஸ்பீக்கரின் நேர்க்கோட்டிலிருந்து 68 பாகை மேலே கிடக்கிறது. மூன்று மீட்டர் தள்ளிப் போனால் அதே கோணம் 23 பாகைக்கு இறங்கிவிடும். நடந்து போனபோது அலை வளரவில்லை, நீங்கள்தான் ஸ்பீக்கரின் முகத்துக்கு நேராக வந்தீர்கள். தாழ்ந்த ஒலி எல்லாப் பக்கமும் பரவும், அதற்குக் கோணம் முக்கியமில்லை. ஆனால் எந்தச் சுரம் வாசிக்கிறோம், விரல் எப்போது தந்தியைத் தட்டியது என்று நமக்குச் சொல்வது அதற்கு மேலே உள்ள நடு ஒலிகள். பத்து அங்குல ஸ்பீக்கரில் ஏறக்குறைய 1300 ஹெர்ட்ஸிலிருந்து அந்த ஒலி டோர்ச் வெளிச்சம் மாதிரி முன்னால் மட்டும்தான் போகும், பதினைந்து அங்குலமென்றால் 900 ஹெர்ட்ஸிலேயே ஆரம்பித்துவிடும். உங்களுக்குக் கேட்காமல் போவது அந்த டோர்ச் வெளிச்சம். அதற்காக அடியொலியைக் கூட்டினால் மண்டபம் உறுமும், சுரம் அப்போதும் விளங்காது.

ஆகவே தயவுசெய்து திருகியைத் தொடும் முன் பெட்டியைத் தொடுங்கள். உயர்த்துங்கள், இல்லாவிட்டால் முன்பக்க அடியில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்து முகம் உங்களைப் பார்த்து நிமிரும்படி சாயுங்கள். அது போதும், பாதி சத்தத்தில் எல்லாம் கேட்கும்.

உயர்த்துங்கள் என்றதும் பிளாஸ்டிக் கதிரையைத் தேடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். பீப்பாய்க்கு மேல் பலகை போட்ட மேடையில், இரண்டு கதிரைக்கு மேல் ஏற்றிய பெட்டி ஆடி ஆடி விளிம்புக்கு வந்து விழுந்ததை நேரில் பார்த்தவன் நான். ட்ரம்ஸ்காரர் காலை இழுத்துக்கொண்டதால் தப்பினார். பத்து அங்குல ஸ்பீக்கர் எட்டு உள்ள பழைய பெட்டி 60 கிலோவுக்கு மேல் வரும், அது ஒருவர் பாதத்தில் விழுந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. சோடா போத்தல் அடுக்கும் கெட்டியான கிரேட்டைக் கவிழ்த்து வையுங்கள், மேலே ரப்பர் விரிப்பு ஒன்று, பெட்டியையும் கிரேட்டையும் சேர்த்து ஒரு பட்டி. அம்ப் (ஒலியைப் பெருக்கும் கருவி) அந்தப் பெட்டிக்கு மேலே இருந்தால் அதற்கு அடியிலும் ரப்பர். இப்போது வருகிற மூன்று கிலோ அம்புகள் அதிர்விலேயே நகர்ந்து நகர்ந்து பின்னால் குதித்துவிடும்.

பலகை மேடை, லொறி மேடை இரண்டும் உள்ளே வெறுமை. அதன் மேல் நேரடியாகப் பெட்டியை வைத்தால் மேடையே கூடச் சேர்ந்து பாடும், ஆனால் தனக்குப் பிடித்த ஒன்றிரண்டு சுரத்தை மட்டும். (பெட்டியும் பேஸும் என்றால் எனக்கு இன்னொன்று ஞாபகம் வரும். 1950களில் இங்கிலாந்துப் பையன்கள் காலித் தேயிலைப் பெட்டியில் ஒரு குச்சியும் கயிறும் கட்டி அதையே பேஸாக வாசித்தார்கள், பின்னால் பீட்டில்ஸ் ஆன குவாரிமென் குழுவிலும் அது இருந்தது. கொழுந்து பறித்தது யார் கை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்குமா என்ன.) தடித்த ஸ்பொஞ்சோ பழைய ரப்பர் பாயோ அடியில் போட்டால் பலகையின் உறுமல் பெரும்பாலும் அடங்கும்.

அடுத்தது சுவர். பெட்டி "மூச்சு விட" வேண்டும் என்று சுவரிலிருந்து தள்ளி வைப்பார்கள். எவ்வளவு தள்ளி என்பதில்தான் விசயம். ஸ்பீக்கரின் முகத்துக்கும் பின்சுவருக்கும் ஒரு மீட்டர் இருந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 85 ஹெர்ட்ஸ் பக்கத்தில் எதிராக வந்து முன்னால் போகும் ஒலியைத் தின்றுவிடும். ஏ தந்தியின் ஏழாம் கட்டையில் வரும் ஈ 82 ஹெர்ட்ஸ். நீங்கள் வாசிப்பீர்கள், அது காணாமல் போகும், உடனே திருகியைத் தேடுவீர்கள். உட்புற மேடையில் சுவரோடு ஒட்டி வையுங்கள், காற்றுத் துளை பின்பக்கம் இருந்தால் நான்கு விரல் இடைவெளி விடுங்கள். மூலைக்குள் மட்டும் தள்ளாதீர்கள், இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து அடியொலியை ஊதிப் பெருப்பிக்கும், தகரக் கூரை அதற்குத் தாளம் போடும். திறந்தவெளி மேடையில் பின்னால் இருப்பது படங்கு, பேஸுக்கு அது சுவரே இல்லை, ஒலி அப்படியே மலைப்பக்கம் போய்விடும். அங்கே மண்டபத்தின் கனத்தை எதிர்பார்த்துச் சத்தத்தை ஏற்ற வேண்டாம். மைதானத்துக்குக் கேட்க வைப்பது என் ஸ்பீக்கரின் வேலை, டி.ஐ. பொக்ஸிலிருந்து (பேஸை நேரே மிக்சருக்கு அனுப்பும் சின்னப் பெட்டி) எனக்கு ஒரு வயர் தாருங்கள்.

இந்த இடத்தில் சிலருக்குக் கோபம் வரும். "படத்தில் பெரிய பேண்டெல்லாம் ஆள் உயரப் பெட்டி வைத்திருக்கிறார்களே." 1969ல் ஆம்பெக் நிறுவனம் எஸ்.வி.டி. என்ற 300 வாட்ஸ் அம்பை அந்த உயரப் பெட்டிகளோடு கொண்டுவந்தபோது, மேடையில் இருக்கிற பெட்டியே அரங்கம் முழுவதையும் நிரப்ப வேண்டியிருந்தது. இன்றைக்கு உங்கள் பெட்டி உங்களுக்கும் ட்ரம்ஸ்காரருக்கும் கேட்டால் போதும். 250 வாட்ஸ் போதாது, 500 வாங்குகிறேன் என்று சீட்டுக்காசை எடுக்கிற தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. வாட்ஸை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது மூன்றே டெசிபல். பெட்டியைக் காதுக்குத் திருப்பினால் அதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும், ஒரு சதமும் செலவில்லை.

எங்கே வைப்பது? ட்ரம்ஸின் ஹைஹெட் (காலால் மிதிக்கும் சோடித் தாளம்) பக்கம், கொஞ்சம் பின்னுக்கு, முகம் உங்கள் இருவரையும் பார்க்கும்படி. ஸ்னேர் ட்ரம்முக்கு நேரே பிடிக்காதீர்கள், நீங்கள் வாசிக்கும்போதெல்லாம் அதன் அடியில் இருக்கிற கம்பிகள் கரகரக்கும். பாடுகிறவருக்கு நேர் பின்னால் வேண்டவே வேண்டாம். பாடகியின் முதுகுக்குப் பின்னால்தானே இருக்கிறது என்பார்கள். மைக்கின் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். அது பாடகியைப் பார்க்கிறது, பாடகியைத் தாண்டி உங்கள் பெட்டியைத்தான் பார்க்கிறது. அவர் வாயை மூடியதும் அந்த மைக்கில் எனக்கு வருவது முழுக்கப் பேஸ். குரல் மைக்கில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுவேன், அதற்கு மேலே வருவதை வெட்டினால் குரலும் சேர்ந்து போகும்.

இனி வேகமாகச் சில விசயங்கள். பெட்டிக்கு ஸ்பீக்கர் வயரைப் போடுங்கள், கிட்டார் வயரை இல்லை, அது சூடேறி அம்பைக் கொன்றுவிடும். அம்பின் பின்பக்கம் எத்தனை ஓம் (மின்தடை அளவு) வரை இறங்கலாம் என்று எழுதியிருக்கும், வாசியுங்கள், எட்டு ஓம் பெட்டி இரண்டு சேர்ந்தால் நான்கு ஓம். இரைச்சல் வருகிறது என்று பிளக்கின் எர்த் ஊசியை உடைக்கிற ஆளை எங்கே கண்டாலும் எனக்குக் கை பரபரக்கும். ஒரு கை தந்தியில், உதடு மைக்கில், நடுவில் 230 வோல்ட் போகலாம். இரைச்சலுக்கு டி.ஐ. பொக்ஸில் எர்த்தைப் பிரிக்கும் சுவிட்ச் இருக்கிறது, அதைத் தட்டுங்கள், பிளக்கை விடுங்கள். நுவரெலியா, வட்டவளைப் பக்கம் மழை சொல்லிக்கொண்டு வராது, படங்கு ஒழுகும் இடத்துக்குக் கீழே எதையும் வைக்காதீர்கள். குளிர் லொறியிலிருந்து இறக்கிய அம்பில் நீர் வேர்த்திருக்கும், அரை மணி நேரமாவது விட்டுக் கரண்ட் கொடுங்கள்.

காதைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. வேலைத்தளங்களுக்கு நிபுணர்கள் சொல்லும் கணக்கில் 85 டெசிபலில் எட்டு மணி நேரம், மூன்று டெசிபல் ஏற ஏற நேரம் பாதியாகும், 100க்கு வந்தால் கால் மணி நேரம். உலக சுகாதார நிறுவனம் 2022ல் இசை நிகழ்ச்சிகளுக்கு வைத்த மேல்வரம்பும் சராசரி 100 டெசிபல்தான். ஒரு முழத்தில் நிற்கிற பெட்டி சுலபமாக அதைத் தாண்டும். என்னோடு பல வருடம் வாசித்த அண்ணன் ஒருவருக்கு இன்றைக்கு இரவு பகலாகக் காதுக்குள் சில்வண்டு கத்துகிறது, அமைதியான லயத்தில் தூக்கம் வராமல் ரேடியோவைப் போட்டுக்கொண்டுதான் படுக்கிறார். காதடைப்பான் போடுங்கள் தம்பி, அசிங்கமில்லை. எதிர்மலையில் படுத்திருக்கிற பிள்ளைகளையும் நினையுங்கள், இரவுக் குளிரில் பள்ளத்தாக்கைத் தாண்டித் தூரத்துக்குப் போய்ச் சேர்வது பேஸ்தான்.

வருகிற சனிக்கிழமை பண்டாரவளையில் என்னோடு வேலை செய்யப்போகிற குழுவும் இதை வாசிக்கும் என்று நினைக்கிறேன். நான்கு மணிக்கு வந்துவிடுங்கள். மேடைக்கு இருபத்தெட்டுப் படி ஏற வேண்டும், பெட்டியைத் தூக்க இரண்டு ஆள் கூட்டி வாருங்கள், கிரேட் நான் கொண்டுவருகிறேன்.