தாலி கட்டும் நேரத்துப் படம் முதல் நாள் இரவே முடிவாகிவிடும்

போன ஆவணியில் மதுரைப் பக்கம் ஒரு கல்யாணம். ஐயர் கையைத் தூக்கி "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்றதும் மாப்பிள்ளை தாலியோடு குனிந்தார். நான் மேடைக்குக் கீழே ஸ்டூலில் ஏறி நின்று அதற்காகத்தான் காத்திருந்தேன். சரியாக அப்போது பெண்ணின் சித்தப்பா இரண்டு கையாலும் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்துவிட்டார். என் படத்தில் அவருடைய முழங்கை இருக்கிறது, செல்போன் திரை இருக்கிறது, அந்தத் திரைக்குள் நகக்கண் அளவுக்குப் பெண்ணின் முகம் இருக்கிறது. பக்கத்தில் பெண்ணின் அப்பா வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். படத்தில் அவர் இல்லை.

சித்தப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். பாசத்தில் வந்தவர். முன்னால் வரக்கூடாது என்று அவரிடம் யாருமே சொல்லவில்லை, நானும்தான். 14 வருடமாகக் கல்யாணம் எடுக்கிறேன். இப்போதெல்லாம் புக்கிங் பேச வரும் குடும்பத்திடம் இதைத்தான் முதலில் பேசுகிறேன்.

மேடையில் கூட்டத்தை ஒதுக்கும் பொறுப்பை வீட்டு ஆள் ஒருவரிடம் கொடுங்கள். தாய்மாமா என்றால் ரொம்ப நல்லது. எங்கள் பையன்கள் "கொஞ்சம் தள்ளுங்க சார்" என்றால் யாரும் கேட்பதில்லை, சிலருக்குக் கோபமும் வந்துவிடும். மாமா சொன்னால் மறுபேச்சு கிடையாது. முதல் நாள் இரவு சாப்பாடு முடிந்து எல்லோரும் உட்கார்ந்து பேசும்போதே, "காலையில முன்பக்கம் வழி விட்டு ரெண்டு பக்கமும் நில்லுங்க, அட்சதையைப் பக்கத்துல இருந்து போடுங்க, போனைக் கொஞ்ச நேரம் பையில வைங்க" என்று அவர் வாயால் சொல்லிவிட்டால் போதும். ஐயரிடம் நான் போய்ப் பேசிக்கொள்வேன். தாலியை மாப்பிள்ளை கையில் கொடுத்த பிறகு இரண்டு நொடி நிதானித்தால் எங்களுக்கு அதுவே பெரிய உதவி. கட்டி முடித்ததும் மறுபடி தாலியைப் பிடிக்கச் சொல்லி எடுப்பவர்களும் உண்டு. நான் அதைச் செய்வதில்லை. முதல் முடிச்சு விழும்போது அந்தப் பெண்ணின் முகத்தில் வருவது இரண்டாம் தடவை வராது.

மாலையையும் சொல்ல வேண்டும். இப்போது வரும் ரோஜா மாலைகள் தலையணை மாதிரி இருக்கின்றன. அதற்குள் தாலி எங்கே போனது என்றே தெரியாது, பின்னால் முடிச்சுப் போடும் நாத்தனாரின் விரலும் தெரியாது. மாலை கட்டுபவரிடம் கழுத்துப் பக்கம் மெல்லிசாகக் கட்டித் தரச் சொல்லுங்கள்.

சரி, விளக்குக்கு வருவோம். படத்தைக் கெடுப்பதில் கூட்டத்துக்கு அடுத்த இடம் மேடையில் போடும் கலர் விளக்குகளுக்குத்தான். முதல் நாள் வரவேற்புக்கு அழகாக இருக்கும் ரோஸ், நீல விளக்குகளை டெக்கரேஷன்காரர்கள் காலையில் அணைக்காமல் விட்டுவிடுகிறார்கள். மஞ்சள் பல்பு வெளிச்சத்தைக் கம்ப்யூட்டரில் ஓரளவு சரி செய்துவிடலாம். முகத்தில் விழுந்த ரோஸ் வெளிச்சத்தை எடுக்க முடியாது. அதில் மற்ற நிறங்கள் அநேகமாக இருக்காது, இல்லாததைப் பின்னால் எங்கிருந்து கொண்டுவருவது? அரக்குப் பட்டு, மஞ்சள் பூசிய முகம், குங்குமம் எல்லாம் ஒரே பூச்சாகிவிடும். முகூர்த்தத்துக்குக் கலர் விளக்கு வேண்டாம், முன்பக்கம் வெள்ளை விளக்கு மட்டும் போதும் என்று டெக்கரேஷன்காரரிடம் பேசும்போதே முடிவு செய்யுங்கள்.

வெள்ளை விளக்கிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 சுற்று. மலிவான எல்இடி விளக்குகள் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை, ஆக நொடிக்கு 100 தடவை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கேமராவில் பட்டை பட்டையாக விழும். கேமராவின் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/100 நொடியில் வைத்துப் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். அந்த வேகத்தில் அட்சதை மணி மணியாகத் தெரியாது, கோடு கோடாகத்தான் வரும். அதனால்தான் மண்டபத்தை ஒரு நாள் முன்னால் பார்க்க வேண்டும் என்று நச்சரிக்கிறேன். விளக்கைப் போட்டு நாலு படம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நேரம் பற்றி ஒன்றுதான். தை மாதத்தில் மதுரையில் சூரியன் வரவே ஆறரை ஆகிவிடும். நாலரை–ஆறு முகூர்த்தம் வைத்துவிட்டு, "வெளிச்சத்தில் நாலு படம்" என்று தாலி கட்டுவதற்கு முன்னால் கேட்டால் வழியில்லை. தாலி கட்டி முடித்து, சாப்பிட்டு, பெண் கொஞ்சம் மூச்சு விட்ட பிறகு ஏழு மணி வாக்கில் 20 நிமிடம் ஒதுக்குங்கள். அந்த 20 நிமிடத்தில் கிடைப்பது வரவேற்பு மேடையில் நாலு மணி நேரம் நின்றாலும் கிடைக்காது.

குடும்பப் படங்களுக்கு ஒரு பட்டியல் எழுதுங்கள். வீட்டு ஆள் முகங்கள் எனக்குத் தெரியாது. பட்டியலை முகம் தெரிந்த ஒரு அத்தை பையன் கையில் கொடுத்து, தாலி கட்டிய கையோடு எல்லோரும் பந்திக்கு ஓடுவதற்குள் வயதானவர்களை முதலில் மேடை ஏற்றச் சொல்லுங்கள். முழங்கால் வலியோடு முன்வரிசை நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கும் அப்பத்தாவுக்கு மேடை ஏற முடியாவிட்டால் பெண்ணும் மாப்பிள்ளையும் இறங்கி வரட்டும்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. தொழிலுக்கு வந்த மூன்றாம் வருடம் என் கேமராவில் ஒரு கார்டுதான் போட முடியும். ஒரு நலங்கு முடிந்து வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் செருகினால் கார்டு திறக்கவில்லை. கடையில் கொடுத்து மீட்கப் பார்த்ததில் பாதிப் படம்கூட வரவில்லை. விஷயத்தைச் சொன்னதும் பெண்ணின் அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "எங்க அத்தை மஞ்சள் பூசினதுகூடவா இல்ல?" என்று மட்டும் கேட்டார். அந்த அத்தைக்கு அப்போதே 80 தாண்டியிருந்தது.

அடுத்த மாதமே கடன் வாங்கி இரண்டு கார்டு போடும் கேமரா வாங்கினேன். எடுக்கும் ஒவ்வொரு படமும் இரண்டிலும் பதியும். அன்று இரவே இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, ஒன்றை என் வீட்டிலும் இன்னொன்றைத் தம்பி வீட்டிலும் வைக்கிறேன். அது முடியும்வரை கார்டை அழிப்பதில்லை. யாரை புக் செய்தாலும் இதைக் கேளுங்கள்: ஒரே படம் இரண்டு கார்டில் பதியுமா, எத்தனை இடத்தில் வைப்பீர்கள், ஆல்பம் கொடுத்த பிறகு எவ்வளவு நாள் வைத்திருப்பீர்கள். பதிலை அட்வான்ஸ் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். நான் ஒரு வருடம் வைத்திருக்கிறேன். நாங்கள் தரும் பென் டிரைவை பீரோவில் பூட்டி வைத்து அப்படியே விட்டுவிடாதீர்கள், வருடக்கணக்கில் சும்மா கிடந்தால் அதில் இருப்பது அழியக்கூடும். வாங்கிய வாரமே வேறு இரண்டு இடத்தில் காப்பி எடுத்து, ஒன்றைப் பெண்ணின் அம்மா வீட்டில் கொடுத்து வையுங்கள்.